திடப்படுத்தலோடு படிப்பு முடிந்துவிடுகிறது: பெரியவர்களுக்கு என்ன செய்யலாம்?

காவிரிக்கரை

எல்லாருக்கும் தோத்திரம். எங்கள் சபை டெல்டாப் பக்கம், தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தது. ரொம்பப் பெரிய சபை என்று சொல்ல முடியாது. ஞாயிறு பள்ளி நன்றாக நடக்கிறது. மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பந்தல் போடும் அளவுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். ஞானஸ்நானத்தில் பெற்ற விசுவாசத்தை வளர்ந்த பிள்ளை தானே உறுதிசெய்யும் திடப்படுத்தலுக்கான வகுப்பில், மார்ட்டின் லுத்தர் எழுதிய கேள்வி பதில் பாடமான ஞானோபதேசத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். வெள்ளை உடுத்தி முதல் திருவிருந்து (நற்கருணை) எடுக்கிறார்கள், ஐயரோடு (போதகரோடு) போட்டோ பிடிக்கிறோம். அதற்கப்புறம் அந்தப் பிள்ளைக்கு அறுபது எழுபது வயது வரைக்கும் சபை தருவது பிரசங்கம் மட்டும்தான்.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் இருக்கிறது. லெந்து என்கிற தவக்கால நாட்களில் வீட்டு ஜெபம் இருக்கிறது. ஆண்களுக்கு என்ன இருக்கிறது? சபைச் சங்கக் கூட்டம். அங்கே கல்லறைத் தோட்டத்துச் சுவரும் கடை வாடகையும்தான் பாடம்.

போன கூட்டத்தில் பெரியவர்களுக்கும் வகுப்பு வைக்கலாமே என்று பேச்செடுத்தேன். மூத்த அங்கத்தினர் ஒருவர், "நாங்கள் எல்லாம் திடப்படுத்தல் எடுத்தாச்சு தம்பி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள்.

கேட்க வந்தது இதுதான். பெரியவர்களுக்குத் தனி வகுப்பு வைப்பதா, தாத்தா பேத்தி எல்லாரையும் ஒன்றாக உட்கார வைப்பதா? பாடம் எது? ஐயருக்கு ஏற்கெனவே பல கிராமச் சபைகள். அவர் இல்லாமல் நடத்த முடியுமா?

உபதேசியார்_ஓய்வு

தம்பி, அந்தப் பெரியவரை நான் குறை சொல்லமாட்டேன். நாம்தான் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தோம். ஆனால் அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது லுத்தரின் பெரிய ஞானோபதேசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போ, முன்னுரையை வாசி. நானும் ஒரு டாக்டர், ஒரு பிரசங்கி, ஆனாலும் சிறு பிள்ளையைப் போலக் காலையில் கற்பனைகளையும் (பத்துக் கட்டளைகளையும்) விசுவாசப்பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் சங்கீதங்களையும் வார்த்தை வார்த்தையாகச் சொல்கிறேன், இன்னும் முடிந்தபாடில்லை என்ற கருத்தில் மனுஷன் எழுதியிருக்கிறார். அவருக்கே முடியாத படிப்பு நமக்கு எப்படிப் பதினைந்து வயதில் முடியும்?

நம் பிள்ளைகள் ஒப்பிக்கிற சிறிய ஞானோபதேசம் எதற்காக வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1528ல் லுத்தர் சாக்சனி நாட்டுக் கிராமச் சபைகளைப் பார்வையிடப் போனார். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பல போதகர்களுக்கும் தெரியவில்லை. அந்த வேதனையில் 1529ல் எழுதியதுதான் சிறிய ஞானோபதேசம். முதலில் அது சுவரில் ஒட்டுகிற தாள்களாகத்தான் அச்சாகி வந்தது, புத்தகமானது பிறகுதான். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே ஒரு வரி உண்டு: வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்பிக்கும் விதம். வீட்டார் என்றால் பிள்ளைகள் மட்டுமில்லை. வேலைக்காரர், வேலைக்காரி, எல்லாரும். புத்தகத்தின் முடிவில் காலை ஜெபம், இரவு ஜெபம், சாப்பாட்டு ஜெபம், அப்புறம் கணவன் மனைவி, பெற்றோர், எஜமான், வேலையாள் என்று ஒவ்வொருவருக்குமான வசனங்கள். இரவு ஜெபம் முடிந்ததும் சந்தோஷமாக உடனே தூங்கிவிடு என்றுகூட எழுதியிருக்கிறார். வகுப்பறைக்கு எழுதுகிறவர் இப்படி எழுதுவாரா?

நம் ஊர்க் கதையும் இதேதான். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்குக்கு வயது ஏறக்குறைய இருபத்துநான்கு. தமிழ் கற்க அவர் திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். அடுத்த வருடம் அங்கே முதல் ஞானஸ்நானம் பெற்றவர்கள் டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களுக்கு உபதேசம் சொல்லித்தான் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நம் சபையில் பெரியவர் படிப்பு என்பது புதுச் சரக்கே இல்லை.

ஞாயிறுபள்ளி_அக்கா

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் பெரியவர்களையும் பிள்ளைகளையும் கலந்து உட்கார வைப்பதை நடைமுறையில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பெரியவர் ஒருவர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் வசனத்தை விட்டுவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனை எடுத்தால் வைப்பதில்லை" என்று ஆரம்பிப்பார். பாடம் அங்கேயே போய்விடும், மிச்ச நேரம் முழுக்க அறிவுரைதான்.

ஒரு சபையில் மாதம் ஒருமுறை 'குடும்ப ஞாயிறு' என்று வைத்தார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், வசனம் ஒப்பித்தார்கள். பெரியவர்கள் கைதட்டினார்கள், செல்போனில் வீடியோ எடுத்தார்கள். அதைச் சேர்ந்து கற்றது என்று அறிக்கையில் எழுதினார்கள். ஒரு தரப்பு மேடையில், ஒரு தரப்பு நாற்காலியில். இதில் யார் எதைக் கற்றார்கள்?

இன்னொன்று. ஞாயிறு பள்ளி தொடங்கியதே வேறு காரணத்துக்கு. 1780ல் இங்கிலாந்தில் குளோஸ்டர் ஊரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதை ஆரம்பித்தது, வாரம் முழுக்க வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க. சபை வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோர் செய்ய வேண்டியதைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அல்ல. வேல்ஸ் நாட்டில் அதே ஞாயிறு பள்ளிக்குப் பெரியவர்களும் வந்து உட்கார்ந்தார்கள், அது அங்கே பெரிய வழக்கமாகவே நின்றது. நமக்கு வந்து சேர்ந்தது பிள்ளைகள் பங்கு மட்டும். என் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் நின்று டீ குடிக்கும் அப்பாக்களைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும்.

ஓசூர்_வாலிபன்

அக்கா சொன்ன செல்போன் அறிவுரையை நானும் நிறையக் கேட்டிருக்கிறேன் :)

எங்கள் பக்கத்திலிருந்து ஒரு விஷயம். நான் ஆங்கில மீடியம், தமிழ் பேசுவேன், வாசிக்கத் திணறுவேன். திடப்படுத்தல் வகுப்பில் ஞானோபதேசத்தை அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்தேன். அர்த்தம் பாதி புரியவில்லை. கேள்வி கேட்டால் "முதலில் ஒப்பி" என்றார்கள். புத்தகத்திலேயே ஒவ்வொரு கற்பனைக்குப் பின்னாலும் இதற்கு அர்த்தம் என்ன என்று கேள்வி அச்சாகி இருக்கிறது. நாங்கள் கேட்டால்தான் தப்பு.

பள்ளியில் ஒரு தடவை சண்டையே வந்தது. சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) நண்பன் "நாலாவது கற்பனை ஓய்வுநாள்" என்றான். நான் "இல்லை, நாலாவது தாயும் தகப்பனும்" என்றேன். பக்கத்தில் இருந்த கத்தோலிக்கப் பையன் என் பக்கம். எதனால் இப்படி என்று சபையில் யாரிடம் கேட்டாலும் பதில் இல்லை. இதை ஒரு பெரியவர் உட்கார்ந்து விளக்கியிருந்தால் நான் அந்த வகுப்புக்குக் காசு கொடுத்துப் போயிருப்பேன்.

உபதேசியார்_ஓய்வு

தம்பி, காசு வேண்டாம். சிலையை உண்டாக்கக் கூடாது என்பதை லுத்தரும் கத்தோலிக்கரும் முதல் கற்பனைக்குள்ளேயே சேர்த்து எண்ணுகிறார்கள், இச்சியாதே என்பதைக் கடைசியில் இரண்டாகப் பிரிக்கிறார்கள். உன் நண்பன் பக்கத்து ஆங்கிலிக்கன், சீர்திருத்த சபைகள் சிலையைத் தனியாக இரண்டாவதாக எண்ணி, இச்சியாதே என்பதை ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள். வேதத்தில் நம்பர் போடவில்லை, பத்து வார்த்தைகள் என்று மட்டும்தான் இருக்கிறது. ஆகவே உன் நண்பனும் சரி, நீயும் சரி. இது அரை மணி நேரத்துக்கு அருமையான பாடம். பெரியவர்களில் பாதிப் பேருக்கும் இது தெரியாது என்று பந்தயம் கட்டுவேன்.

மனப்பாடத்தை மட்டும் கேலி செய்யாதே. கண் தெரியாமல், காது கேளாமல், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறவர்களோடு இருந்து பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் வருவது மனப்பாடம் ஒன்றுதான்.

ஸ்டாக்ஹோம்_குளிர்

நான் இங்கே சுவீடனில் வேலைக்கு வந்து குடியேறிய தமிழ் லுத்தரன். எங்கள் தமிழ்ச் சபைக்கும் சுவீடன் சபைக்கும் மிஷன் காலத்திலிருந்தே உறவு. இந்த நாட்டுப் பழைய வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும்.

1686ல் வந்த சுவீடன் சபைச் சட்டத்துக்குப் பிறகு, போதகர் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வீட்டாரையும் பரிசோதிப்பது கட்டாயமாயிற்று. ஒரு வீட்டில் சுற்று வட்டார ஜனமெல்லாம் கூடும். வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள், கிழவிகள், எல்லாரும். வாசிக்கத் தெரிகிறதா, ஞானோபதேசம் தெரிகிறதா, அர்த்தம் புரிகிறதா என்று போதகர் கேட்டுத் தன் பதிவேட்டில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் குறிப்பு எழுதுவார். அந்தப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. இங்கே ஆட்கள் தங்கள் குடும்ப வரலாறு தேடுவதே அவற்றை வைத்துத்தான். அப்போது சுவீடனின் ஒரு பகுதியாக இருந்த பின்லாந்திலும் இதே மாதிரிக் கூட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே வாசிக்கத் தெரிந்து திடப்படுத்தல் எடுக்காமல் கல்யாணம் நடக்காது.

பலன் என்னவென்றால், கிராமப்புறப் பள்ளிக்கூடங்கள் பரவுவதற்கு முன்பே ஜனங்களில் பெரும்பாலோர் வாசிக்கக் கற்றுவிட்டார்கள். எழுதத் தெரியாது, வாசிக்கத் தெரியும். கற்றுக்கொடுத்தது பெரும்பாலும் வீட்டில் அம்மாவும் பாட்டியும்.

ஆனால் இதைக் கனவு போலப் பார்க்க வேண்டாம். பரீட்சை என்ற பயமும் வெட்கமும் அதில் நிறைய இருந்தது. ஊர் முன்னால் தடுமாறிய வேலைக்காரப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். கட்டாயம் போன பிறகு வழக்கமும் தேய்ந்தது. அதிலிருந்து நான் எடுக்க விரும்புவது ஒன்றுதான்: பாடம் கோவிலில் இல்லை, வீட்டில் நடந்தது. வயதைப் பார்த்து யாரையும் வெளியே நிறுத்தவில்லை.

கடலூர்க்காரன்

பரீட்சை இல்லாத வழியும் லுத்தரன்களிடமிருந்துதான் வந்தது. டென்மார்க் போதகர் குருண்ட்விக் யோசனையிலிருந்து வந்த நாட்டுப்புற உயர்பள்ளி. முதலாவது 1844ல் ரோடிங் என்ற ஊரில். விவசாயக் குடும்பத்து வாலிபர்களுக்கு, பேச்சும் பாட்டும் உரையாடலும், பரீட்சையும் இல்லை சான்றிதழும் இல்லை. ஆற்காடு லுத்தரன் சபையில் நாங்கள் டேனிஷ் மிஷன் வழி வந்தவர்கள், ஆனாலும் எங்களுக்கு வந்து சேர்ந்தது பரீட்சை மட்டும்!

காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சபைச் சங்கத்தில் மறுபடியும் கேட்கவில்லை, கேட்டால் கமிட்டி போடுவார்கள். ஐயரிடம் மட்டும் சொல்லிவிட்டு எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடியில் சாயங்காலம் கூடினோம். நாலைந்து குடும்பம். ஞாயிறுபள்ளி அக்காவின் பயத்தை மனதில் வைத்து ஒரே ஒரு விதி: யாரும் அடுத்தவருக்கு அறிவுரை சொல்லக் கூடாது, தனக்கு நடந்ததைச் சொல்லலாம், கேள்வி கேட்கலாம்.

பாடம், "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்". லுத்தர் இந்த விண்ணப்பத்துக்கு எழுதிய விளக்கத்தில் ஆகாரம் என்றால் சோறு மட்டும் இல்லை என்று ஒரு பட்டியல் போடுகிறார்: உடை, செருப்பு, வீடு, நிலம், மாடு, பணம், நல்ல துணை, நல்ல வேலையாட்கள், நல்ல அரசாங்கம், நல்ல பருவம், சமாதானம், ஆரோக்கியம், நல்ல சிநேகிதர், நம்பத்தக்க அயலார். பட்டியலை முதலில் வாசிக்கவில்லை. உன்னுடைய பட்டியல் என்ன என்று ஒவ்வொருவரையும் கேட்டோம்.

எண்பதைத் தாண்டிய ஒரு பாட்டி, மேட்டூரில் தண்ணீர் திறந்துவிடாத வருடம் ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்றதைச் சொன்னார். ஆறாம் வகுப்புப் பையன் "அப்பா சாயங்காலம் வீட்டில் இருப்பது" என்றான். அவன் அப்பா திருப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்லூரி முடித்த பெண் ஒருத்தி "பேருந்து" என்றாள். கடைசிப் பஸ் போய்விட்டால் அவளால் பயிற்சி வகுப்புக்குப் போக முடியாது. பிறகு லுத்தரின் பட்டியலை வாசித்தோம். நல்ல அரசாங்கம் என்ற இடம் வந்தபோது ஆண்கள் பக்கம் உயிர் வந்துவிட்டது. கட்சி அரசியலுக்குள் போகாமல் இழுத்துப் பிடிக்கக் கஷ்டப்பட்டோம். பாட்டிதான் நிறுத்தினார்: "அரசாங்கத்துக்காக ஜெபம் பண்ணச் சொல்லியிருக்கு, சண்டை போடச் சொல்லல."

வகுப்பு நடத்தியது யார் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பட்டியலை வாசித்தது நான், அவ்வளவுதான்.

ஓசூர்_வாலிபன்

அண்ணன், இது நன்றாக இருக்கிறது. விளக்கத்தை யாராவது சத்தமாக வாசித்தால் எங்களைப் போல வாசிக்கத் திணறுகிறவர்களும் வரலாம். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: அடுத்ததாக எட்டாம் கற்பனை (எங்கள் கணக்குப்படி எட்டு!). பொய்ச்சாட்சி சொல்லாதே. லுத்தர் அதற்குக் கொடுக்கும் அர்த்தத்தில் பொய் சொல்லாமல் இருப்பதோடு விடவில்லை. அயலானுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவனைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும், அவன் செய்வதை எல்லாம் நல்லவிதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். சபை வாட்ஸ்அப் குரூப்பை வைத்துக்கொண்டு இதைப் பேசினால் பாதி ராத்திரி ஆகும். பார்வர்டு அனுப்புவது பிள்ளைகள் இல்லை, அங்கிள்கள்.

ஊர்ப்பெயர்_வேண்டாம்

எல்லாரும் சந்தோஷமாகப் பேசுகிறீர்கள். ஒன்று கேட்கிறேன். மாடியில் கூடிய நாலைந்து குடும்பமும் ஒரே தெருவா? ஒரே ஜனமா?

தலைமுறை தாண்டிக் கற்பது என்கிறோம். வீடு வழியாகப் போகும் படிப்பில் சாதியும் வீடு வழியாகத்தான் போகிறது. 1833ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கட்டளை போட்டபோது தஞ்சாவூரில் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்பது வரலாறு. நாம் உருகிப் பாடுகிற கீர்த்தனைகளை எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் எதிர்த்தவர்கள் பக்கம்தான் நின்றார். அப்புறம் ஜெர்மனி லுத்தரன்களின் லைப்சிக் மிஷன் சாதி வழக்கத்துக்கு இடம்கொடுத்து நடந்துகொள்ள, ஆங்கிலிக்கன் சபைகளை விட்டு லுத்தரன் பக்கம் வந்தவர்களும் உண்டு. இதை எந்தத் திடப்படுத்தல் வகுப்பும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பெரியவர் வகுப்பு என்று ஒன்று இருந்தால் இதைத்தான் பேச வேண்டும். பிள்ளைகளுக்கு முன்னால் பேச முடியாது என்றால் அப்போது உங்கள் கலப்பு வகுப்பு எதற்கு?

ஞாயிறுபள்ளி_அக்கா

இதற்குச் சுலபமான பதில் இல்லை, ஆனால் கேட்டது நியாயம். என் கருத்து: இரண்டும் வேண்டும். கலந்து உட்காரும் மாலை ஒன்று. பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்து இந்த மாதிரி விஷயங்களை வாசித்துப் பேசும் மாலை இன்னொன்று. பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று சொல்லவில்லை. பெரியவர்கள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசப் பழக வேண்டும். பிள்ளைகளுக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும். பள்ளியில் கையில் கட்டும் கயிற்றின் நிறத்திலிருந்து தெரியும். எங்கள் வாயிலிருந்து மட்டும்தான் அவர்கள் கேட்டதில்லை.

அப்புறம் வீடு மாறி மாறி வையுங்கள். ஒவ்வொரு தெருவுக்கும் போங்கள். யார் வீட்டில் யார் காபி குடிக்கிறார்கள் என்பதே முதல் பாடமாக இருக்கும்.

உபதேசியார்_ஓய்வு

அக்கா சொன்னதை ஆமோதிக்கிறேன். அந்த வரலாற்றை நான் பணியில் இருந்தபோது பேசத் தயங்குவோம். பேசினால் சபை உடையும் என்பார்கள். ஏற்கெனவே உடைந்துதான் உட்கார்ந்திருந்தோம்.

ஒரு நடைமுறை விஷயம். ஞானத்தாய், ஞானத்தகப்பன்மாரை இதற்குள் கொண்டுவாருங்கள். ஞானஸ்நானத்தில் அந்தப் பிள்ளைக்குக் கற்பனைகளும் விசுவாசப்பிரமாணமும் கர்த்தருடைய ஜெபமும் கற்றுக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவர்கள். அதற்கப்புறம் பிறந்தநாளுக்குத் துணி எடுத்துக் கொடுப்பதோடு சரி. திடப்படுத்தல் வருடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் ஞானப்பெற்றோரில் ஒருவரோடு சேர்ந்துதான் வகுப்புக்கு வர வேண்டும் என்று வையுங்கள். ஒப்பிப்பதும் இரண்டு பேரும். அப்போது பாருங்கள், அந்த மூத்த அங்கத்தினர் புத்தகம் தேடுவார்.

ஞாயிறுபள்ளி_அக்கா

இரண்டு பேரும் ஒப்பிப்பது சரி. ஆனால் பிள்ளை முதலில் கேள்வி கேட்கட்டும், பெரியவர் பதில் சொல்லட்டும். எப்போதும் ஐயரும் உபதேசியாரும் கேட்டு, பிள்ளை நடுங்கிக்கொண்டு பதில் சொல்கிற முறைதான் எனக்குப் பிடிக்கவில்லை.

உபதேசியார்_ஓய்வு

நடுங்கினால்தான் மனதில் நிற்கும் அம்மா. (இதில் நாம் ஒத்துப்போக மாட்டோம்.)

கடலூர்க்காரன்

நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு எவனுக்கும் மண்டை ஓடாது. சாயங்காலம்தான் சரி. சாப்பாடு இருந்தால் ஆண்கள் வருவார்கள். எங்கள் ஊரில் அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வராத ஆளே இல்லை.

காவிரிக்கரை

ஊர்ப்பெயர் வேண்டாம் என்றவருக்கு: ஆமாம், ஒரே தெரு. உங்கள் கேள்விக்குப் பிறகு அதை வைத்துத்தான் யோசித்தேன். அடுத்த மாலை கோவிலுக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம் வீடு தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்திலிருந்து யார் யார் வருவார்கள் என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. பாட்டி வருகிறேன் என்றார். பையனின் அம்மாவும்.

பாடம் எட்டாம் கற்பனை. வாசிப்பவர் பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி, கேள்வி கேட்பவளும் அவளே. ஞானப்பெற்றோர் விஷயத்தை ஐயரிடம் சொன்னேன், இந்த வருடத் திடப்படுத்தல் வகுப்பிலேயே தொடங்கிப் பார்க்கலாம் என்கிறார். பெற்றோர் சிலர், ஞானத்தகப்பன் துபாயில் இருக்கிறாரே என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு வீடியோ காலில் வைக்கலாமா, வேறு ஒருவரை நியமிக்கலாமா? யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.